எமீமாள் எழும்பவில்லை

தூத்துக்குடித் துறைமுகச் சேர்ந்திசைச் சங்கத்தார் தரையை விட்டு எழும்பத் தொடங்கியது ஒரு கிறிஸ்துமஸ் பருவத்தில். அதுவும் அவர்கள் பிரமாதமாகப் பாடிய நாளில் அல்ல. டெனர்கள் இரண்டு இடத்தில் சுதி விலகி, ஆர்கனில் ஒரு கட்டை அமுங்கியது அமுங்கியபடியே கிடந்து, முன்வரிசையில் ஒரு குழந்தை முறுக்குக் கேட்டு அழுதுகொண்டிருந்த சாதாரணக் கச்சேரி ஒன்றில். நான்கு குரல்களும் ஒன்றுகூடும் பெரிய ஆமென் வந்ததும், வெள்ளைப் புடவையும் வெள்ளைச் சட்டையுமாக நின்றிருந்தவர்கள், அடுப்பில் பால் பொங்கி ஏறுகிற மாதிரி, ஒரு சாண் உயரத்துக்கு எழும்பினார்கள். பாட்டு இறங்க இறங்கத் தாங்களும் இறங்கி, கழற்றிவிட்ட இடத்திலேயே காத்திருந்த செருப்புகளுக்குள் கால்களை நுழைத்துக்கொண்டார்கள். கைதட்டல் எப்போதும்போலத்தான் இருந்தது. வெளியே வந்தவர்கள், ஆர்கனைச் சீக்கிரம் பழுது பார்க்கவேண்டும் என்றும் இந்த வருஷம் பேஸ் குரல் நன்றாகச் சேர்ந்துவிட்டது என்றும் பேசிக்கொண்டு, வழியில் மக்ரூன் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

எழும்பாமல் நின்றது எமீமாள் ஒருத்திதான்.

அவள் ஆல்ட்டோ வரிசையின் நடுவில் நிற்பவள். உப்பளச் சாலையில் லாரி எடைமேடையில் வேலை. கணவர் கப்பலில் சமையல்காரர், எப்போதாவது வருவார், வந்தால் அவரும் பாடுவார். மகள் லீதியாள் கல்லூரியில் படிக்கிறாள், சோப்ரானோ வரிசையில் முதல் ஆள். சோப்ரானோ ராகத்தைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடும், பேஸ் அடியில் உறுமும், டெனர் தன்னைத்தானே ரசித்துக்கொள்ளும்; ஆல்ட்டோ மட்டும் இவற்றுக்கு நடுவில், யார் காதிலும் தனியாக விழாமல், ஒரே ஸ்வரத்தை விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டு நிற்கும். அந்தக் குரலில் இத்தனை வருஷம் பாடியதில் எமீமாளுக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. அன்றைக்குத்தான் முதல்முறையாகத் தன் இரண்டு பக்கமும் பார்த்தாள். அக்கம்பக்கத்துப் பெண்களின் தோள் தன் கண்ணுக்கு நேராக வந்திருந்தது.

ஊர் இதைப் பழகிக்கொண்ட விதத்தை என்னவென்று சொல்வது! புடவை காற்றில் பறக்காமலிருக்க, மீன்வலையில் கட்டும் ஈயக்குண்டுகளை வாங்கிப் பெண்கள் கொசுவத்தின் ஓரத்தில் வைத்துத் தைத்தார்கள். ஆண்கள் ஓட்டையில்லாத காலுறை வாங்கினார்கள். சங்கக் கூடத்தின் மின்விசிறிகளைக் கழற்றிச் சுவரோரம் மாட்டினார்கள். எழும்புவது தேவனுடைய காரியம்தானா என்று சபைக் கமிட்டியில் ஒரு மாலை முழுவதும் வாக்குவாதம் நடந்து, கடைசியில் வாத்தியக்காரருக்குப் புது நாற்காலி வாங்குவதென்று முடிவாகிக் கலைந்தது. பெண் பார்க்க வந்தவர்கள், படிப்பும் நிறமும் கேட்ட பிறகு, குரலைத் தாழ்த்தி, "பிள்ள எழும்புமா?" என்று கேட்டார்கள். ஒத்திகை நடக்கிற சாயங்காலங்களில் ஜன்னலுக்கு வெளியே ஆட்டோக்காரர்களும் மீன்காரிகளும் கூடி நின்றார்கள். கேட்டுக் கேட்டு, பேஸ் வரி முழுவதையும் சவாரி போகிறபோதே முணுமுணுக்கும் ஆட்டோக்காரர்கள் உண்டானார்கள். லத்தீன் வார்த்தைகளுக்கு அர்த்தம் மட்டும் ஒருவருக்கும் தெரியவில்லை. அது பாடுகிறவர்களுக்கும் தெரியாது.

ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்கள் வந்தபோது சங்கத்தார் ஆள் உயரத்துக்குப் போயிருந்தார்கள். அப்போதுதான் இன்னொன்றும் தெரியவந்தது. பெரிய ஆமெனில் மேலே நின்றிருந்த சரோஜா டீச்சருக்குத் தொண்டையில் கமறல் எடுத்து, இருமலில் பாட்டு நின்றுபோக, கிளை முறிந்த மாதிரி அவள் மட்டும் தரையில் விழுந்தாள். கணுக்கால் உடைந்தது. மற்றவர்கள் கண்களை விரித்துக்கொண்டு, வாயை மூடாமல், கீழே கிடந்து முனகுகிறவளைப் பார்த்தபடியே, பாட்டின் கடைசி வரைக்கும் பாடி இறங்கிய பிறகுதான் அவளைத் தூக்க முடிந்தது. மூச்சு வாங்கலாம், நிறுத்தக் கூடாது. நிறுத்துகிறவர் விழுவார். அன்றிலிருந்து ஒத்திகைக்கு வருகிறவர்கள் பையில் மிளகும் பனங்கற்கண்டும் வைத்துக்கொண்டார்கள், ஐஸ் தண்ணீரைத் தொடுவதில்லை, எழும்புகிறபோது ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதும் இல்லை.

எமீமாள் மட்டும் தரையில் நின்றாள். எல்லோரும் மேலே போய்விட்ட வெற்றிடத்தில், செருப்புகளுக்கு நடுவே தனியாக நின்று பாடினாள். பார்வையாளர்கள் அவளைத்தான் பார்த்தார்கள். மனதில் ஏதோ பாரம் வைத்திருக்கிறாள் என்றார்கள். கப்பல்காரன் பெண்டாட்டி, என்ன நடக்குமோ யாருக்குத் தெரியும் என்றார்கள். நாளெல்லாம் லாரி எடை பார்த்துப் பார்த்து அந்தக் கனம் உடம்பில் ஒட்டிக்கொண்டது என்று சிரித்தார்கள். சபைப் போதகரான ஐயர் வீட்டுக்கே வந்து, காப்பியைக் குடித்துவிட்டு, "மறைக்கிறதுக்கு ஒண்ணும் இல்லேல்லா?" என்று கேட்டார். அவளும் தன்னைத் துருவித் துருவிப் பார்த்தாள். பக்கத்து வீட்டுக்காரியிடம் எப்போதோ பட்ட கோபம், அம்மா செத்தபோது உடனே அழாமல் இருந்தது என்று கையில் கிடைத்ததையெல்லாம் சொல்லி ஜெபித்தாள், ராச்சாப்பாட்டை விட்டாள், ஈயக்குண்டை அவிழ்த்துப் போட்டாள். குதிகால்கூட எழும்பவில்லை.

சங்கத்தில் அவளிடம் முகம் கொடுத்துப் பேசியவர் தனிஸ்லாஸ் ஒருவர்தான். பேஸ் பாடுகிறவர். பழைய துறைமுகத்தில் கப்பல்களுக்கு வடம் கட்டுகிற வேலை, சொந்தமாக ஒரு வள்ளமும் உண்டு. லெந்து முடிகிற சமயம் எடைமேடையில் மாற்றாள் வராததால் எமீமாள் ஓர் ஒத்திகைக்குப் போகவில்லை. மறுநாள் தனிஸ்லாஸ் எடைமேடைக்கே வந்து, லாரிகளின் புழுதிக்குள் நின்று சொன்னார்.

"நேத்து நாங்க இறங்கவே இல்ல, தங்கச்சி. கடைசி பாகத்தத் திரும்பத் திரும்பப் பாடித்தான் இறங்கினோம். எனக்குத் தொண்ட கட்டிப் போச்சு."

"காத்து ஏதும் அடிச்சிருக்கும், அண்ணாச்சி."

"கூடத்துக்குள்ள என்ன காத்து? நீ கீழ இருந்து பாடுத அந்தச் சத்தம் இல்ல. எந்தப் பக்கம் தரைன்னே தெரியல."

இதையே அவர் நல்லதம்பி சாரிடமும் சொன்னார். நல்லதம்பி சார் சங்கத்தின் நடத்துநர். சுங்க அலுவலகத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். குழந்தை குட்டி இல்லை. இந்தச் சங்கத்தைக் காலி நாற்காலிகளுக்கு முன்னால் பல வருஷம் பாட வைத்து, மழைக்கு ஒழுகும் கூடத்தில் தானே வாளி வைத்து வளர்த்தவர். சங்கத்தார் எழும்பத் தொடங்கியபின் அவரும் கையை வீசியபடியே கூட எழும்பினார். அவர் தனிஸ்லாஸைத் தோளில் தட்டி, "நீங்க வடம் கட்டுறவங்க, எதைப் பாத்தாலும் கட்டணும்னுதான் தோணும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

பெந்தெகொஸ்தே பருவத்தின் கடைசிக் கச்சேரியைக் கடற்கரை மைதானத்தில் வைப்பதென்று நல்லதம்பி சார் அறிவித்தார். இனிமேல் கூடத்துக்கூரையின் உயரம் போதாது. பெரிய ஊர்களிலிருந்து பத்திரிகைக்காரர்கள் வருகிறார்கள். வானத்துக்கு அடியில் பாடினால் எவ்வளவு தூரம் போக முடியும் என்று தெரிந்துவிடும். இடுப்பில் கயிறு கட்டிக்கொள்ளலாம் என்று தனிஸ்லாஸ் எழுந்து சொன்னபோது, "கன்னுக்குட்டிகளா நாம?" என்றார் சார், எல்லோரும் சிரித்தார்கள். "கச்சான் காத்து எடுத்திருக்கு சார், கரையில இருந்து கடலுக்குத்தான் தள்ளும்" என்றார் தனிஸ்லாஸ். கயிறு இல்லாமல் நான் வரவில்லை என்று சொல்லிவிட்டு அவர் வெளியேறினார்.

அன்று ஒத்திகை முடிந்ததும் சார் எமீமாளைத் தனியாகக் கூப்பிட்டார். அவருக்கு அவள் முகத்தைப் பார்த்துப் பேச முடியவில்லை. பாட்டுத் தாள்களை அடுக்குவதும் கலைப்பதுமாக இருந்தார்.

"தப்பா எடுத்துக்கக்கூடாதும்மா. அவ்வளவு பேரு மேல போறப்ப கீழ ஒருத்தர் நின்னா, பாக்கிறவங்களுக்குப் பல்லு போன வாய் மாதிரி இருக்கு. இந்த ஒரு கச்சேரிக்கு மட்டும்…"

"நான் வரலைன்னா நல்லாருக்கும்ங்கிறீங்க."

"உங்க குரலக் குறை சொல்லல."

"தெரியும் சார். கேட்டாத்தானே குறை சொல்றதுக்கு."

வீட்டில் லீதியாள் புடவைக்கு ஈயக்குண்டு தைத்துக்கொண்டிருந்தாள். சார் சொன்னது அவளுக்கு முன்பே தெரியும் என்பது அவள் தலை நிமிராததிலேயே எமீமாளுக்குப் புரிந்துவிட்டது.

"கயிறு கட்டாம நீ போக வேண்டாம், பிள்ள."

"எல்லாரும் போறாவ."

"தனிஸ்லாஸ் அண்ணாச்சி போகல."

"எம்மா, உனக்கு எழும்ப முடியலன்னா நானும் எழும்பக்கூடாதா?" லீதியாள் ஊசியை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். கண்கள் கலங்கியிருந்தன. "காலேஜுல என்ன சொல்லுதாவ தெரியுமா? உங்க அம்மா என்னத்தச் செஞ்சாவன்னு கேக்குதாவ. நான் என்ன சொல்ல? நீ அன்னைக்கு அங்க வராதே. வெளியில நின்னும் பாக்காதே."

எமீமாள் சோற்று வட்டிலை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்து போனாள். இரண்டு நாள் கழித்துக் கச்சேரிக்குக் கிளம்பும்போது லீதியாள் வாசலில் கொஞ்சம் தயங்கி நின்றாள். எமீமாள் அடுப்படியிலிருந்தே, "தொண்டைக்கு மிளகு எடுத்துக்கிட்டியா?" என்று மட்டும் கேட்டாள்.

அன்று மாலை எடைமேடையில் உப்பு லாரிகள் வரிசை கட்டி நின்றன. மேற்கிலிருந்து கச்சான் மண்ணை வாரி வீசிக்கொண்டிருந்தது. கடற்கரைப் பக்கமிருந்து ஆர்கன் சத்தமும் பாட்டும் கிழிந்து கிழிந்து வந்தன. எமீமாள் அந்தப் பக்கம் முதுகு காட்டி உட்கார்ந்து, எடை முள் நிற்கிற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆமென் தொடங்கியது காதில் விழுந்தது. முடிய வேண்டிய நேரத்தில் அது முடியவில்லை. மறுபடியும் தொடங்கியது. மேடையில் ஏறிய லாரியின் டிரைவர் இறங்காமல், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, அண்ணாந்து பார்த்தபடியே சொன்னான்.

"அக்கா, உங்க ஆளுங்க ரொம்ப மேல போயிட்டாவ."

அவள் திரும்பினாள். உப்பு சேர்த்து வைக்கும் கிட்டங்கிகளின் கூரைகளுக்கும், தண்ணீர்த் தொட்டிக்கும், கலங்கரை விளக்கத்துக்கும் மேலே, அந்தி வெளிச்சத்தில் வெள்ளைத் துணுக்குகளாக அவர்கள் சிதறிக் கிடந்தார்கள். வரிசை கலைந்திருந்தது. காற்று அவர்களைக் கடலின் பக்கமாகத் தள்ளிக்கொண்டிருந்தது.

எமீமாள் ஓடினாள். செருப்பு அறுந்தது, விட்டுவிட்டு ஓடினாள். மைதானத்தில் ஊர் முழுவதும் அண்ணாந்து நின்றிருந்தது. ஆர்கன் வாசிக்கிறவர் வியர்வை சொட்ட வாசித்துக்கொண்டிருந்தார், ஆனால் காற்று அந்தச் சத்தத்தை எங்கேயோ அள்ளிப் போட்டது, மேலே ஒன்றும் எட்டவில்லை. மேலிருந்து வந்த பாட்டில் சோப்ரானோ ஒரு சுதியில் இருந்தது, டெனர் வேறொரு சுதியில் இருந்தது. இறங்குகிற இடம் வரும்போதெல்லாம் ஒருவருக்கொருவர் பொருந்தாமல் மறுபடியும் தொடக்கத்துக்கே போனார்கள், போகும்போதெல்லாம் இன்னும் கொஞ்சம் உயர்ந்தார்கள். நிறுத்தவும் முடியாது, முடிக்கவும் முடியாது. குரல்கள் பிசிறடிக்கத் தொடங்கியிருந்தன. யாரோ ஒருவர் மூச்சு வாங்கத் தாமதித்து, ஒரு பனைமர உயரம் சட்டென்று சரிந்து, கத்தலாகவே பாட்டைப் பிடித்துக்கொண்டார். கூட்டத்தில் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். எல்லோருக்கும் முன்னால், கடலுக்கு மேலே தனியாகப் போய்க்கொண்டிருந்தது லீதியாள். அந்தக் குரலை எமீமாளுக்குத் தெரியும். அதில் மிச்சம் எவ்வளவு இருக்கிறது என்பதும் தெரிந்தது.

தூரத்தில் தனிஸ்லாஸும் அவர் கூட்டாளிகளும் வள்ளங்களை நிறுத்தி, வள்ளத்துக்கு வள்ளம் வலையை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

எமீமாள் தண்ணீரின் ஓரத்துக்குப் போய் நின்று, வாயைத் திறந்து, ஆல்ட்டோவைப் பாடினாள். அந்த ஒற்றை ஸ்வரத்தை நீட்டிப் பிடித்தாள். காற்று அதையும் பிய்த்துக்கொண்டு போனது. அவள் திரும்பி, இத்தனை நாள் தன்னைப் பார்த்துச் சிரித்த ஜனங்களைப் பார்த்தாள்.

"ஜன்னல்ல நின்னு கேட்டீங்கல்லா? பாடுங்க! சும்மா நிக்கீங்களே, பாடுங்க!"

முதலில் சேர்ந்தது ஒரு மீன்காரி. அவளுக்கு ஆல்ட்டோ வரி முழுவதும் தெரிந்திருந்தது. பிறகு ஆட்டோக்காரர்கள் அடியில் பேஸைப் பிடித்தார்கள். கட்டுப்போட்ட காலை நீட்டி நாற்காலியில் உட்கார்ந்திருந்த சரோஜா டீச்சர் பாடினாள். சபை ஐயர் பாடினார். பள்ளிவாசலிலிருந்து வந்து நின்றவர்கள் வார்த்தை இல்லாமல் சுதியை மட்டும் பிடித்தார்கள். மைதானம் முழுவதும், ஊர் முழுவதும், அந்த நடுக்குரல் கெட்டியாக எழுந்து நின்றது. மேலே சோப்ரானோ ஒரு கணம் தடுமாறி, பிறகு அதன் மேல் வந்து பொருந்தியது. வெள்ளைத் துணுக்குகள் நின்றன. உயர்வது நின்றது.

அதே நேரத்தில் மீன்காரியின் கால்கள் மணலை விட்டு எழும்பின.

எமீமாள் அதைப் பார்த்துவிட்டாள். அவளைச் சுற்றிலும் ஜனங்கள் குதிகாலில் நின்றார்கள், விரல்நுனியில் நின்றார்கள், பின்வரிசையில் பிள்ளைகள் தாய்மாரின் கையிலிருந்து நழுவி மேலே போனார்கள். ஊரும் போய்விட்டால் கூப்பிட யாரும் இருக்கப்போவதில்லை. அவள் மீன்காரியின் கையை எட்டிப் பிடித்து இழுத்துத் தன் இடுப்போடு சேர்த்துக்கொண்டு, "பக்கத்து ஆளப் பிடிங்க! ஒருத்தரையும் விடாதீங்க! என்னைப் பிடிச்சுக்கிடுங்க!" என்று கத்தினாள். மீன்காரி அவள் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டாள், மீன்காரியை ஐயர் பிடித்தார், ஐயரை ஆட்டோக்காரர்கள் பிடித்தார்கள். இப்படியே கை கோத்து, தோள் பிடித்து, நழுவிய பிள்ளைகளின் காலை எட்டிப் பிடித்து, ஊர் முழுவதும் ஒரே வடமாக அவளிடம் வந்து முடிந்தது. அத்தனை பேரின் இழுப்பும் அவள் இடுப்பில் விழுந்தது, புடவை நரம்பாக இறுகியது. அவள் பாதங்கள் மணலுக்குள் இறங்கின, தரையை விட்டு எழும்பவில்லை.

அவள் ஆல்ட்டோவை இறக்கினாள். மெதுவாக, ஒரு படிக்கு ஒரு படி, ஒவ்வொன்றிலும் நின்று காத்திருந்து, மேலே உள்ளவர்கள் வந்து சேர்ந்த பிறகே அடுத்ததுக்குப் போனாள். அவசரப்பட்டு யாரோ முன்னால் போனபோது அவள் போகவில்லை. பிடித்த ஸ்வரத்திலேயே நின்றாள், அவர்கள் திரும்பி வந்தார்கள். உப்புக் குவியல் மேல் ஒருவர் இறங்கினார். மீன் ஏலக் கொட்டகையின் கூரையில் நான்கைந்து பேர் இறங்கினார்கள். வள்ளங்களில் விரித்த வலைகளில் டெனர்கள் ஒவ்வொருவராக விழுந்தார்கள், விழுந்தும் பாடினார்கள், நிறுத்தினால் மேலே இருக்கிறவர்களுக்கு என்ன ஆகுமோ என்று யாருக்கும் தெரியாததால்.

லீதியாள் கடலுக்கு மேல் தாழ வந்தாள். குரல் நூலாக இருந்தது. எமீமாள் தன்னைப் பிடித்திருந்தவர்களையும் இழுத்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினாள். முழங்கால், இடுப்பு, மார்பு வரைக்கும் போனாள், அலை வாயில் அடித்தது, துப்பிவிட்டுப் பாடினாள். ஈயக்குண்டு தைத்த புடவை ஓரம் முதலில் கைக்கு வந்தது, பிறகு பிள்ளையின் குளிர்ந்த கணுக்கால் வந்தது. பிடித்து இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். லீதியாள் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, பாட்டை விட்டுவிட்டு, "எம்மா" என்று அழ வாயைத் திறந்தாள்.

எமீமாள் அவள் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள்.

"அழுறதெல்லாம் அப்புறம். பாடுட்டி. சார் இன்னும் மேல இருக்காவ."

நல்லதம்பி சார் மேலேதான் இருந்தார். எல்லோரும் இறங்கிய வானத்தில் அவர் மட்டும், இரண்டு கைகளையும் விரித்து, இன்னும் தாளம் கொடுத்துக்கொண்டிருந்தார். இறங்க மனமில்லாதவர் மாதிரி இருந்தது. வழி தெரியாதவர் மாதிரியும் இருந்தது. அவருக்காக ஊர் பாடியது. எமீமாள் முன்னைவிட மெதுவாகப் பாடினாள், மகள் நடுங்கும் குரலை அதன் மேல் வைத்தாள். இருட்டு இறங்கிக்கொண்டிருந்தபோது அவரும் இறங்கினார். தனிஸ்லாஸ் துடுப்பு போட்டு வள்ளத்தை நேராக அவருக்கு அடியில் கொண்டுபோய் நிறுத்தி, எழுந்து நின்று, குழந்தையை வாங்குவதுபோல அவரைக் கைகளில் வாங்கி உட்கார வைத்தார். சாருக்குக் குரல் சுத்தமாக இல்லை. உதட்டை மட்டும் அசைத்து, "எல்லாரும் வந்தாச்சா?" என்று கேட்டார்.

"நீங்கதான் கடைசி" என்றார் தனிஸ்லாஸ்.

ஆனால் கரையில் பாட்டு நிற்கவில்லை. முதலில் நிறுத்துகிற தைரியம் யாருக்கும் வரவில்லை. கால்கள் மணலைத் தொட்ட பிறகும், கை கோத்தபடியே, அண்ணாந்தபடியே, அந்தக் கடைசி ஆமெனை இழுத்துக்கொண்டே எல்லோரும் எமீமாளைப் பார்த்தார்கள். அவள் வானத்தை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரைக்கும் பார்த்தாள். ஒருவரும் இல்லை. மகளை ஒரு கையால் இறுக்கிக்கொண்டு, தண்ணீர் சொட்டுகிற மறு கையை எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்தி, விரல்களை மூடினாள். ஊர் வாயை மூடியது. கோத்திருந்த கைகளை மட்டும் ஒருவரும் உடனே விடவில்லை.